தங்கைக்கு இல்லாத பழுது

என் தங்கை இருபது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். தெருவில் எல்லோருக்கும் அவள் வேன்காரிதான். வேளைக்குச் சாப்பிட மாட்டாள். சாமி கும்பிட நேரமில்லை என்பாள். நான் இரண்டிலும் ஒரு நாளும் தவறியதில்லை.

அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனதால் எங்கள் இருவருக்கும் ரத்தம் சோதித்தார்கள். உடம்புக்குள் மரபணு இழைகள் தினமும் எங்காவது அறுமாம். அதை ஒட்டிச் சரிசெய்யச் சில புரதங்கள் உண்டாம். அப்படி ஒரு புரதத்துக்கான மரபணு அம்மாவிடமிருந்து எனக்குப் பழுதாக வந்திருக்கிறது. புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம், சினைப்பைகளை இப்போதே எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர்.

தங்கைக்கு அந்தப் பழுது இல்லை. "கடவுளுக்கு நன்றி" என்று வாய் சொன்னது. வயிறு எரிந்தது. பத்து நாள் அவள் போனை நான் எடுக்கவில்லை.

ஆபரேஷன் அன்று கட்டிலருகே வந்து நின்றாள்.

"உன்னை யாருடி வரச் சொன்னது?"

"மாமாதான். ஆஸ்பத்திரி வாசனைக்கே உன் வீட்டுக்காரருக்குத் தலை சுத்துதாம், வெளிய உக்காந்திருக்காரு."

"உன்னைப் பார்த்தாலே பொறாமையா இருக்குடி."

"இருந்துட்டுப் போகட்டும்க்கா. உன் முடியைப் பார்த்து நான் எத்தனை வருஷம் வயிறெரிஞ்சேன்! கம்மலைக் கழட்டு, நர்ஸ் கத்துறாங்க."

கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைத் தன் காதில் போட்டுக்கொண்டாள்.

"திரும்பி வந்து பிடுங்கிக்கோ" என்றாள்.

என்னைவிட அவளுக்குத்தான் அது எடுப்பாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. எப்படியும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அப்போதுதான் கடவுளிடம் கேட்டேன்.