யனுஷன் வாசித்த மங்கா

சிவகௌரி கோலியர்ஸ் வுட்டில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார். தன் பிள்ளைகள் கேட்ட புத்தகங்களை வாங்கிக் கொடுத்தாரே தவிர, அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரம் வாய்த்ததில்லை. மகன் யனுஷன் வாசித்ததெல்லாம் மங்கா, ஜப்பானியச் சித்திரக்கதை. ஒரு சிறு துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணன் தம்பியின் கதை அது. ஆங்கிலத்தில் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. பதினான்காம் பாகத்தோடு பதிப்பகம் அச்சை நிறுத்திவிட்டது. மிச்சம் செயலியில் மட்டும்தான் வரும் என்றார்கள்.

யனுஷனுக்கு அதில் வருத்தமில்லை. சிறுநீரகம் பழுதாகி அவனுக்கு அப்போது டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஊசி ஏற்றிய கையை அசைக்க முடியாது. மற்றக் கையால் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்டுவது பெரும்பாடு.

"டேப்லெட் எண்டால் பெருவிரல் போதும் அம்மா," என்றான்.

பக்கத்துக் கதிரையில் சிவகௌரி இருப்பார். அவன் திடீரென்று சிரிப்பான்.

"என்ன ராசா சிரிக்கிறாய்?"

"முதல்ல இருந்து வாசிச்சால்தான் அம்மா விளங்கும்."

போன குளிர்காலத்தில் தொற்று வந்து அவன் இறந்துபோனான். இருபத்தாறு வயது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு சிவகௌரி அவனுடைய அறைக்குப் போய் முதல் பாகத்தை எடுத்தார். எவ்வளவு வாசித்தும் தலைகால் புரியவில்லை. மகள் தக்ஷிகாதான் கவனித்தாள்.

"நீங்கள் கடைசிப் பக்கத்தில இருந்தெல்லே வாசிக்கிறியள். இதை வலப்பக்கத்தில இருந்து தொடங்கோணும்."

அதன்பின் பிடிபட்டது. பஸ்ஸிலும் வேலை இடைவேளையிலும் வாசித்தார். உயிர் நண்டைச் சட்டியில் போட மனமில்லாமல் தம்பிக்காரன் அதற்குப் பெயர் வைத்து வளர்க்கத் தொடங்கிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு அழுதார்.

அச்சில் இருந்தவை முடிந்ததும் டேப்லெட்டைத் திறந்தார். யனுஷன் கடைசியாக விட்ட பக்கத்தைச் செயலி காட்டியது, இருபத்திரண்டாம் பாகத்தின் நடுவில். அவர் அதைத் தொடவில்லை. ஒழுங்காக வாசித்தே அங்கே போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தார்.

பதினெட்டாம் பாகம் முடிந்த மறுநாள் செயலி வெறுமையாக இருந்தது. செயலியை நடத்திய நிறுவனம் சேவையை மூடிவிட்டது. முன்னறிவித்தல் யனுஷனின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அதைத் திறந்து பார்க்க ஆளில்லை.

தக்ஷிகா நிறுவனத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனைப் பெண் பொறுமையாகத்தான் பேசினாள். அவர்கள் விற்றது வாசிக்கும் உரிமையை மட்டும், புத்தகத்தை அல்ல. மேலும் விவரம் வேண்டுமானால் கணக்குக்கு உரியவரே பேச வேண்டும்.

"அவனெல்லே கதைக்கோணுமாம்," என்றார் சிவகௌரி மகளிடம். "அவனை நான் எங்க போய்க் கூட்டிக்கொண்டு வாறது?"

தக்ஷிகா தம்பி இறந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் மிகவும் வருந்துவதாகச் சொன்னாள். புத்தகங்கள் திரும்பி வரவில்லை. வேறெங்கும் ஆங்கிலத்தில் அவை விற்பனைக்கும் இல்லை.

சில வாரங்கள் கழித்து தக்ஷிகா நகரத்துக்குள் ஒரு ஜப்பானியக் கடையில் பத்தொன்பதாம் பாகத்தை வாங்கி வந்தாள். முழுக்க ஜப்பானிய மொழி. தாயும் மகளும் கட்டிலில் அருகருகே இருந்து படங்களை மட்டும் பார்த்தார்கள். மழை பெய்கிறது. தம்பிக்காரன் கடைவாசலில் குந்தியிருந்து அழுகிறான். அண்ணனைக் காணவில்லை.

"இவன் ஏன் அழுறான்?"

"தெரியேல்லை அம்மா."

சிவகௌரி அந்தப் படத்தின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னார்.