இடுப்பில் கட்டிய கயிறு

நடந்துகொண்டே இருக்கும் மரியசெல்வம் திடீரென்று நிற்பார். இடுப்புக்குப் பின்னால் ஒரு கையை வைத்துக்கொண்டு திரும்பித் தரையைப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. ஊரூர் குப்பத்தில் இதைக் கவனிக்காதவர்கள் இல்லை. சிறு வயதில் அவரோடு வலை இழுத்த முனியன் மீன் கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இன்னா நைனா, பின்னால எவனாவது கீறானா?"

"யாரும் இல்லபா."

"அப்புறம் இன்னாத்துக்குத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு கீற? கல்யாணப் பொண்ணுகூட இவ்ளோ தபா திரும்பாது."

மீன் வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். மரியசெல்வமும் சிரித்துவைத்தார். கயிறு இழுக்கிறது என்று அவர்களிடம் சொல்ல முடியாது. இடுப்பில் கயிறே இல்லாதபோதும் இழுக்கிறது. முன்னாலிருந்து இழுத்தால் பரவாயில்லை. பின்னாலிருந்து இழுக்கிறது.

அவருக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. முப்பத்து மூன்று வயது வரைக்கும் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவர். ஒருநாள் போட்டை மணலில் ஏற்றும்போது வலது தோள் கழன்றது. மாட்டிவிட்டார்கள். ஆனால் கை தலைக்கு மேலே போகவில்லை. வலை இழுக்கக் கூடாது என்றார் மருத்துவர். நாலு மாதம் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் காலை, பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு பெரியவர் கையிலிருந்து திமிறிக்கொண்டு ஒரு பெரிய நாய் முகத்துவாரம் பக்கம் ஓடியது. எல்லோரும் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். மரியசெல்வம் கத்தவில்லை. அதைப் பிடிக்கவும் முயலவில்லை. ஈர மணலில் அதற்குப் பக்கத்திலேயே, அதன் வேகத்திலேயே ஓடினார். ஆற்று வாய் வரைக்கும் ஓடி, அது களைத்துத் தானாக நின்றபோது, அவரும் நின்றார். திரும்பி வரும்போது அது அவரோடு நடந்தே வந்தது. "தினமும் இதுகூட ஓடுவீங்களா?" என்று பெரியவர் கேட்டார். தொழில் அப்படித்தான் தொடங்கியது.

இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அவராகவே ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். நாய்க்கு நம்மைப்போல வேர்க்காது. அதன் நாக்கைப் பார்க்க வேண்டும். நாக்கின் நுனி அகன்று கரண்டிபோல மேலே மடிந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்ட நாயை ஓட்டக் கூடாது. ஓடிய நாய்க்கு ஒரே மூச்சில் தண்ணீர் கொடுக்கக் கூடாது. நாய் வெட்டி இழுத்தால் தோள் தாங்காது என்பதால் கயிற்றைக் கையில் பிடிக்காமல் இடுப்பில் வாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அதனால் நாயைப் பார்க்காமலேயே அதன் நிலை தெரிந்தது. முன்னால் இழுத்தால் உற்சாகம். தொய்ந்தால் பக்கத்தில் வருகிறது. பின்னால் இழுத்தால் எதையோ மோப்பம் பிடிக்கிறது, அல்லது முடியவில்லை.

"நாய் 'போதும்'னு சொல்லாது," என்று தன் மனைவி எஸ்தரிடம் சொல்வார். "நீ ஓடினா அதுவும் ஓடும். செத்துப்போற வரைக்கும் ஓடும். நாமதான் நிக்கணும்."

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் நம்பியது தன் உள்ளங்காலை. பிறந்ததிலிருந்து வெறுங்காலிலேயே ஓடியவர். நாயின் பாதம் தொடும் அதே தரையை அவர் பாதமும் தொட்டது. கால் சுட்டால் ஓட்டம் முடிந்தது. சித்திரை வெயிலில் ஆறரை மணிக்கே முடிந்துவிடும். மணி பார்க்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

அனுப்ரியாவின் நாய் பூந்தி அவரிடம் வந்தபோது அதற்கு ஐந்து வயது. வெளிர் மஞ்சள் லேப்ரடார். எடை கூடிப்போய், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. அனுப்ரியாவின் குடும்பத்துக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. அதில் ஒட்டாமல் தரமணியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தபடி, பெசன்ட் நகரில் தரைத்தள வீடொன்றில் நாயோடு தனியாக இருந்தாள். காலை ஏழரைக்கு அலுவலக பஸ். வீட்டுச் சாவி ஒன்றை மரியசெல்வத்திடமே கொடுத்திருந்தாள். பூர்வீகமான திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வருடத்தில் பூந்தி இளைத்தது. அவர் வரும் நேரத்துக்குக் கதவுக்குப் பின்னால் நின்று முனகக் கற்றுக்கொண்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அனுப்ரியா அவருக்கு ஒரு பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே ஓடுவதற்கான ஷூ. அடிப்பாகம் ரொட்டிபோலத் தடிமனாக இருந்தது.

"கால் தேஞ்சு போயிரும்ணே. கண்ணாடித்துண்டு, ஆணி எல்லாம் கெடக்கு. போட்டுக்கிடுங்க."

"எனக்கு வெறுங்கால்தான் மேடம் பழக்கம்."

"சரி, கோயிலுக்காவது போடுங்க."

முதலில் மாதா கோயிலுக்குத்தான் போட்டார். பிறகு ஒருநாள் ஓடிப்பார்த்தார். மேகத்தின் மேல் ஓடுவதுபோல இருந்தது. மார்ச் மாதத்திலிருந்து தினமும் போட்டார். அவர் வந்து போகும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் பஸ்ஸுக்குப் போயிருப்பாள் என்பதால் அது அவளுக்குத் தெரியாது.

மே மாதத்தில் கலாஷேத்ரா காலனியில் மூன்றாவதாக ஒரு நாய் சேர்ந்தது. அந்த வீட்டுக்காரர் ஐந்து மணிக்கே வர வேண்டும் என்றார். இன்னொரு வீட்டிலும் விடியற்காலைதான் என்று பிடிவாதம். நேரம் கேட்டு ஒருபோதும் பேசாதவள் அனுப்ரியா மட்டும்தான். அதனால் பூந்தியைக் கடைசியில் வைத்தார். ஒரு வாரம் எட்டு மணிக்கு ஓடினார்கள். அன்று எட்டே முக்கால் ஆகிவிட்டது.

முந்தின நாள்தான் அவர்கள் ஓடும் நிழலில்லாத நீளத் தெருவில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். பாதித் தெருவில் கயிறு பின்னால் இழுத்தது. மோப்பம் பிடிக்கிறது என்று நினைத்தார். "வாடா கண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பாமல் ஓடினார். இன்னும் இரண்டு தரம் இழுத்தது. மூன்றாவது தரம் கயிறு கனத்தது. திரும்பியபோது பூந்தி பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. நாக்கு ஊதா நிறம். தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார். தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் பாதங்களைப் பார்த்தார். நான்கிலும் மெத்தைத் தோல் வெந்து உரிந்து தொங்கியது. பின்னங்கால் இரண்டும் சிவப்பாக இருந்தன.

அவருக்கு ஒன்றுமே சுடவில்லை.

ஆட்டோவிலேயே அதன் மூச்சு நின்றது. கையில் இருந்த துண்டால் நான்கு கால்களையும் சேர்த்துச் சுற்றினார். ஏன் சுற்றினோம் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை. ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் மருத்துவமனைக்குள் போனார். அவசரத்தில் இருந்த மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "லேப்ரடார், வெயில், ஹார்ட் நின்னிருக்கு" என்றார். துண்டைப் பிரிக்கவில்லை. தரமணியிலிருந்து ஓடிவந்த அனுப்ரியா குனிந்து, சுற்றிய காலைப் பிடிக்கக் கையை நீட்டினாள். மரியசெல்வம் துண்டின் மேல் தன் கையை வைத்தார்.

"வேணாம் மேடம். தொடாதீங்க."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அன்று மதியமே புதைத்தார்கள். துண்டோடு சேர்த்து.

அதன் பிறகு அவர் ஷூ போடவில்லை. அதைத் தூக்கிப் போடவும் முடியாமல் பரண்மேல் வைத்தார். மற்ற இரண்டு நாய்களோடு வெறுங்காலில், ஆறு மணிக்குள் ஓடி முடித்தார். அந்தத் தெருப் பக்கம் போவதில்லை. ஆனால் கயிறு எங்கே வேண்டுமானாலும் இழுத்தது. கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது இழுத்தது. சோற்றில் கை வைக்கும்போது இழுத்தது. எஸ்தர் சில நாள் விழித்துப் பார்த்தால், அவர் பாயில் உட்கார்ந்து தன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருப்பார்.

"முள்ளு குத்திக்கிச்சா?"

"இல்ல. நீ படு."

எஸ்தரிடம்கூட அவர் சொல்லவில்லை. வெயிலில் செத்தது என்பது ஊருக்குத் தெரியும். எந்தக் கால் வெந்தது, எந்தக் கால் வேகவில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பதினோரு மாதம் கழித்து, ஏப்ரலில், அனுப்ரியா போனில் கூப்பிட்டாள். தெருவில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வளர்ப்பதாகவும், இப்போது எட்டு மாதம் என்றும், வீட்டைக் கடித்துக் குதறுகிறது என்றும் சொன்னாள். "உங்களைத் தவிர யார்கிட்டயும் விட மனசில்லண்ணே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்க."

"தங்கமான பொண்ணு," என்றாள் எஸ்தர். "அவ நாய் உன் கையில செத்துச்சு. மறுபடி உன்னியே கூப்பிடுறா. போய்ட்டு வா."

முட்டி வலி என்று சொல்லிவிடலாம் என்ற முடிவோடு போனார். கேட் திறந்திருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் கறுப்பு நாய் ஒன்று அவர் காலை மோந்து, விரலை நக்கியது. பெயர் மிளகு என்றாள் அனுப்ரியா. அவள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"முட்டி சரியில்ல மேடம். முன்ன மாதிரி ஓட முடியல."

"மத்த ரெண்டு வீட்டுக்கும் ஓடுறீங்களே."

அவர் குனிந்து மிளகின் காதைச் சொறிந்தார். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நாய்க்காக மட்டும் உங்களைக் கூப்பிடல. ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்குப் பூந்திக்கு உயிர் இருந்துச்சா?"

"இன்னா மேடம் கேக்குறீங்க?"

"நான் காலைப் பிடிக்க வந்தேன். தொடாதீங்கன்னு சொன்னீங்க. செத்துப்போன நாயைத் தொட்டா என்ன ஆகும்? உயிர் இருக்கு, அதுக்கு வலிக்கும்னுதான தடுத்திருப்பீங்க. அந்த டாக்டர் அஞ்சு செகண்டுதான் பாத்தாரு." அவள் குரல் உயரவில்லை. பல தடவை தனக்குத் தானே சொல்லிப் பழகிய வரிகளைப்போல வார்த்தைகள் வந்தன. "மொதப் பிடி மண்ணை நான்தான் போட்டேன். துண்டு அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. காத்துன்னு நெனச்சேன். அப்புறம் வீட்டுக்கு வந்ததுலேருந்து அது காத்தா இல்லையான்னு யோசிச்சிட்டே இருக்கேன். மாத்திரை போட்டாலும் தூக்கம் வரல."

இத்தனை மாதமும் தன்னை மட்டும்தான் அந்தக் கயிறு இழுக்கிறது என்று மரியசெல்வம் நினைத்திருந்தார்.

"உயிர் இல்ல மேடம். ஆட்டோலயே பூடுச்சு. என் மடியிலதான். மாதா மேல சத்தியமா."

"பின்ன ஏன் தொடக்கூடாதுன்னீங்க?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. சொன்னால் இந்த வீடு போகும். மற்ற இரண்டு வீடுகளும் போகும். கடற்கரையில் நாயோடு நடக்கிற எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழுதான். சொல்லாவிட்டால் இவள் துண்டு அசைந்ததையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாதம் வெந்து போய் இருந்துச்சு மேடம். நாலும். நீங்க பாக்கக் கூடாதுன்னு சுத்திட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாவது நாய் சேர்ந்ததை, பூந்தியைக் கடைசியில் வைத்ததை, எட்டே முக்காலை, புதுத் தாரை, மூன்று தரம் இழுத்ததை. மிளகு அவர்கள் இருவருக்கும் நடுவே படுத்து ஒரு தென்னை மட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது.

நாயைப் பார்த்தபடியே அவள் கேட்டாள். "நான் குடுத்த ஷூ... அன்னைக்கு அதைப் போட்டிருந்தீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஏற்கெனவே ஒரு கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது. ஆமாம் என்று சொன்னால் ஒரு பாரத்தை இறக்கிவிட்டு, அதே இடத்தில் இன்னொன்றை ஏற்றுவதாகும். அடுத்த பதினோரு மாதம் அவள் அந்தப் பெட்டியைக் கடையில் வாங்கியதிலிருந்து ஒவ்வொரு நாளாக நடந்து வருவாள்.

"இல்ல மேடம். வெறுங்கால்."

"அப்போ உங்களுக்குச் சுட்டிருக்கும்."

"சுட்டுச்சு."

"சுட்டும் ஓடுனீங்க."

அவர் ஆமாம் என்று தலையை அசைத்தார். அவள் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு வெளுத்துப்போனது. ஆனால் தோள் இரண்டும் மெதுவாக இறங்கின. நெடுநாள் மூச்சைப் பிடித்து வைத்திருந்தவள் விட்டதுபோல ஒரு மூச்சு வந்தது. மடியில் முகத்தை வைத்து அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாவியைக் குடுத்துருங்கண்ணே."

இத்தனை நாளும் சட்டைப் பையிலேயே இருந்த சாவியை எடுத்துப் படியில் வைத்தார்.

"இனிமே இந்தத் தெருவுக்கு வராதீங்க. குரூப்புல எல்லாருக்கும் சொல்லத்தான் செய்வேன்."

"சொல்லுங்க மேடம்."

அவள் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கேட்டைச் சாத்த அவள் வரவில்லை. நாய் வெளியே ஓடிவிடும் என்பதால், மரியசெல்வமே சாத்தி, கொக்கியை மாட்டி, மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.