ஞாயிற்றுக்கிழமைச் சொற்கள்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், வீட்டுக்குப் புறப்படும் முன் பதிவுக் கொப்பியில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதவேண்டும். யார் குளித்தார், யார் சாப்பிட்டார், யார் வீட்டுக்குப் போகவேண்டுமென்று அழுதார் என்று. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் ஒருநாள், பத்தாம் அறை அம்மா சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்த இனிப்பு முழுவதையும் சாப்பிட்டதாக எழுதினேன். மேற்பார்வைப் பெண் வாசித்துவிட்டு, "முழுப் பாலைவனத்தையுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குப் பிடிபடவில்லை. "யெஸ், யெஸ், எல்லாம்" என்று பெருமையாகத் தலையாட்டினேன். சிரிப்பு சமையலறை வரை போனது. ஆங்கிலத்தில் இனிப்புக்கும் பாலைவனத்துக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்று எனக்கு விளக்கியது, இலங்கையில் எங்கள் ஊரான முரசுமோட்டையில் இருக்கும் என் தங்கை வதனி. தொலைபேசியில்தான்.

வெளிநாட்டுக்கு வந்தவர்களுக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்று ஊரில் இருக்கும் நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் ஆங்கிலம் வதனிக்குத்தான் வந்தது. என்னைவிட இரண்டு வயது இளையவள். ஒரே மாதிரி ஒலிக்கிற ஆங்கிலச் சொற்களைச் சோடி சோடியாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோது அந்தக் கொப்பி எங்கோ விடுபட்டது. வவுனியா முகாமில், கிடைத்த கடதாசித் துண்டுகளிலெல்லாம் நினைவிலிருந்து அவற்றைத் திரும்ப எழுதினாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

ஊர் திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஆங்கிலம் தெரிந்த பெண் வேண்டும் என்று அவர்கள் கேட்டது வதனியை. அப்பா இடம் கொடுக்கவில்லை. "மூத்தவள் இருக்க இளையவளைக் குடுக்கேலாது. வேணுமெண்டால் பெரியவளைக் கேளுங்கோ" என்றார். அவர்களும் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள். விசாவுக்கு நான் ஆங்கிலச் சோதனை எழுதவேண்டியிருந்தது. படிப்பித்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

"அக்கா, இஞ்ச பார். சைக்கிளை நிப்பாட்டுற பிரேக்குக்கு ஈ எழுத்து கடைசியிலை வந்து நிக்கும். உடையிற பிரேக்குக்கு ஈ நடுவிலை பூந்து உடைக்கும். விளங்குதே?"

"ஓம்" என்றேன். அவள் போகவேண்டிய இடத்துக்கு என்னை அனுப்ப அவளே இரண்டு மாதம் பாடுபட்டாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் இங்கே வந்த பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். வதனி படிப்பை விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். வந்த சம்பந்தங்களும் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிப்போயின. அவளுடைய ஆங்கிலத்துக்கு வேலை இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுந்தான். எனக்கு மதியம், அவளுக்குப் பின்னேரம், தொலைபேசியில் கதைப்போம். "சொல்லு, இந்தக் கிழமை எதிலை மாட்டினனீ?" என்றுதான் தொடங்குவாள். அந்த அரைமணி நேரம் அவள் குரலே மாறிவிடும். ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள் இருப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

போன வருடம் குடியுரிமைக்கான ஆங்கிலச் சோதனையில் தேறினேன். அவளுக்குத்தான் முதலில் சொன்னேன். "நல்லது அக்கா. இனி என்னட்டைக் கேக்க உனக்கு ஒண்டும் இல்லை" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். அடுத்த இரண்டு ஞாயிறும் எங்கள் கதை மூன்று நிமிடத்தில் முடிந்தது. மழையோ என்று நான் கேட்டேன். சாப்பிட்டியோ என்று அவள் கேட்டாள். தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். இங்கிலாந்தை எடுத்துக்கொண்டேன், இப்போது அந்த அரைமணி நேரத்தையும் எடுத்துவிட்டேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு துணிந்து பொய் சொன்னேன். "வதனி, அந்த பிரேக் ரெண்டும் திரும்பக் குழம்புது."

"அது நான் முதன்முதல் சொல்லித் தந்ததெல்லே அக்கா?"

"மறந்துபோச்சு."

அவள் தொண்டையைச் செருமினாள். "சரி, கொப்பியை எடு. முதலிலை இருந்து வருவம்."

அவளுக்கு விளங்கியிருக்கும். அவள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இப்போது இல்லத்தில் புதிதாக வரும் பெண்கள் எழுதுவதைத் திருத்துவது நான்தான். கடவுச்சீட்டும் வந்துவிட்டது, நீல அட்டையோடு. அதற்குள் ஒரு துண்டுக் கடதாசி மடித்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாமல் இருக்கவேண்டிய சொற்களை அதில் எழுதியிருக்கிறேன்.