மழைக்கு ஒரு இயைபு

தொண்ணூறுகளின் கடைசியில் வடக்கே, போசரி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதித் தமிழர்களின் பொங்கல் விழாவில் பிள்ளைகள் பாடுவதற்கு நான்தான் பாட்டு எழுதித் தருவேன். அந்த வருடம் 'மழை' என்று முடிந்த ஒரு வரிக்கு இயைபாக, அதே ஓசையில் முடியும் வரி அமையவில்லை. தழை, இழை, பிழை எல்லாம் முந்தைய வரிகளிலேயே தீர்ந்துவிட்டன. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றபடியே யோசித்தேன். கால்வலிதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசி வளர்ந்த மகள் என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"மலைன்னு போடுங்கப்பா. ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"மழை வேறம்மா. நாக்கை மடிச்சுச் சொல்லு."

அவள் முயன்று பார்த்தாள். திரும்பத் திரும்ப மலைதான் வந்தது. மேற்கொண்டு சொல்லித்தர எனக்குத் தெம்பில்லை. அடுத்த வரியை மலை என்றே முடித்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விழாவில் பிள்ளைகள் சேர்ந்து பாடினார்கள். ஒருவர் வாயிலும் ழகரம் வரவில்லை. மழையும் மலையாகவே ஒலித்ததால் அந்த வரியிலும் இயைபு கச்சிதமாக விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர், "பிரமாதம் சார், அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார். தலையாட்டினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.