முற்றத்தில் நீட்டிய ராஜாக்கள்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரலாறு நடத்தப் புதிதாக ஒரு டீச்சரம்மா வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நான் அங்கே சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் சமையல்கட்டு ஜன்னல் வழியாக ஏழாம் வகுப்புப் பாடம் முழுவதும் காதில் விழுந்துவிடும். ராஜாக்கள் எல்லோரும் எனக்குப் பழக்கம். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளோ காலக்கணக்கு தெரியாமல் பல்லவனையும் நவாபையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடிவைத்தார்கள். டீச்சரம்மா சளைக்கவில்லை. வீட்டிலிருக்கும் பழைய காசைக் கொண்டுவரச் சொன்னாள், கோயில் தூணை வரையவைத்தாள். வகுப்பில் சத்தம் கூடிக்கொண்டே போனது. தலைமை ஆசிரியை ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன். புள்ளைங்க மனசுல ஒண்ணும் நிக்கலைன்னா இந்த விளையாட்டெல்லாம் மூட்டை கட்டிடும்மா. புஸ்தகத்தை வாசி, போதும்."

அன்றைக்கு அந்தப் பெண் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "ஆயாம்மா, நம்ம பள்ளிக்கூடத்து முத்தம் நீளத்துக்கு ஒரு கயிறு கெடைக்குமா?" என்றாள்.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் தறி போட்டிருக்கிறார். தறியிலிருந்து சேலையை அறுத்தபின் மிஞ்சும் பாவு நூலை, நீளவாட்டில் ஓடும் நூலை, அவரிடம் கேட்டு வாங்கி, முடிச்சுப் போட்டு, கயிறாக முறுக்கிக் கொடுத்தேன். நல்ல அரக்குச் சிவப்பு.

வெள்ளிக்கிழமை அதை முற்றத்துத் தரையில் நீளமாக நீட்டினாள். ஒரு பக்கம் ராஜாக்கள் பேர் எழுதிய அட்டைகள். மறுபக்கம் அவர்கள் கட்டிய கோயில், வெட்டிய குளம், அடித்த காசு எல்லாம் படமாக. ராஜாவை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டிப்போய் அவன் செய்த வேலையோடு சேர்க்க வேண்டும். தலைமை ஆசிரியை தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஏனாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பையன் ஒரே தாண்டாகத் தாண்டினான். அடுத்தது நூல் கொடுத்த தறிக்காரர் வீட்டுப் பெண். அட்டையோடு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"தெரியலைன்னா பரவால்லம்மா, தப்பாவே வையி."

"தெரியும் டீச்சர்."

"பின்ன ஏன் நிக்க?"

ஏனாத்தூர்ப் பையன் சிரித்தான். "இன்னா, சிலை மாதிரி நின்னுக்கினு இருக்கிற? உன்னையும் பல்லவன்தான் செதுக்கினானா?"

"போடா! எருமை மாதிரி பாவைத் தாண்டிட்டுப் பேச வந்துட்டான்."

தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெசவுக்காரர்களுக்குப் பாவு சாமி மாதிரி, அதைத் தாண்டக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? கழித்துப் போட்ட நூலுக்கும் இந்தப் பிள்ளைகள் அந்த மரியாதையைத் தருவார்கள் என்றுதான் நினைக்கவில்லை.

"தெருவுல பாவு நீட்டியிருந்தா குனிஞ்சுதான் போவோம் டீச்சர். தாண்டினா எங்கப்பா தோலை உரிச்சிடுவாரு."

டீச்சரம்மா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அதுக்கென்ன, தூக்கிக் கட்டிட்டாப் போச்சு!"

ஒரு முனை தாழ்வாரத் தூணுக்கு, ஒரு முனை வேப்பமரத்துக்கு. இடுப்புயரத்தில் கயிறு நின்றதும் பிள்ளைகள் வாத்துக்கூட்டம் போல அதனடியில் புகுந்து புகுந்து ஓடினார்கள். சேர்த்து முடித்த ராஜாக்களைத் துணி கிளிப் மாட்டிக் காலவரிசையாகக் கயிற்றில் தொங்கவிட்டார்கள்.

தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். "நவாபு எங்கடா?"

ஏனாத்தூர்ப் பையன் நூலை விரலால் தடவிக்கொண்டே பல்லவர், சோழர், விஜயநகரம் என்று கடந்துபோய் நின்றான். "இங்க மேடம். இதுக்கப்பால வெள்ளைக்காரன்."

"அங்கேர்ந்து நவாபு பல்லவன் வீட்டுக்குப் போயிட்டு வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"போயிட்டு வரதுக்குள்ள ஆயா வச்ச சாம்பார் ஆறிடும் மேடம்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவருடைய அறை கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம், இடுப்புவலிக்காரர். ஆனால் அவரும் தறி வீட்டில் பிறந்தவர், பாவைக் கண்டால் குனிந்தே பழகியவர். புடவையை ஒருகையால் பிடித்துக்கொண்டு, முனகியபடி குனிந்து, அடியில் நுழைந்து அந்தப் பக்கம் நிமிர்ந்தார்.

"அடுத்த வாரம் எட்டாவதுக்கும் கட்டும்மா. கொஞ்சம் ஒசத்திக் கட்டு."