துணி காயாத மலையில் என் வலைப்பூ

நான் வலைப்பூ எழுதத் தொடங்கியது கோபத்தில்தான். வாரக் கடைசியில் மலையேறி வருகிறவர்கள் தேயிலைக் காட்டைப் படம் பிடித்து இணையத்தில் போடுவார்கள். அதில் நாங்கள் ஏதாவது ஒரு மூலையில் புள்ளியாக இருப்போம். சில படங்களில் அந்தப் புள்ளியும் இருக்காது. எங்கள் கதையை நாங்களே சொன்னால் என்ன என்று தோன்றியது.

தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் பொட்டலம் கட்டுவது என் வேலை. வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் தட்டுவேன். "நீ எழுதுறத யாரு லா படிக்கப் போறா?" என்று கணவர் கிண்டல் செய்வார். எனக்கும் தெரியாது. ஆனாலும் யாராவது பார்த்தார்களா என்று பத்து தடவை திறந்து பார்ப்பேன். அந்த ஆசை எனக்கு உண்டு, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒருமுறை துணி காயப்போடுவதைப் பற்றி எழுதினேன். மழை மாதங்களில் எங்கள் மலையில் துணி காயவே காயாது. அதனால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைக் கொண்டுபோய், தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் கம்பி கட்டித் தொங்கவிடுவார்கள். அனுமதி கிடையாது. யாரும் கண்டுகொள்வதும் கிடையாது. எங்கள் பிள்ளைகள் தேயிலை வாசத்தோடுதான் பள்ளிக்குப் போகிறார்கள் என்று பெருமையாக எழுதி முடித்திருந்தேன்.

தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதப் புதிதாக வந்த கிராணி அதைப் படித்துவிட்டார். அந்த வாரமே கம்பியை அறுத்துவிட்டு, துணி கொண்டுவரக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

லயமே என்மேல் பாய்ந்தது. காலையில் வேலைக்குப் போகும் லோரியில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடும். "எழுத்தாளரம்மா வந்துட்டாங்க, வாய மூடுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது நெஞ்சில் தைத்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். கூட இருக்கிறவர்களுக்கு உபத்திரவமாகிவிட்ட எழுத்து எதற்கு? வலைப்பூவை மூடிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்போது அந்த அக்காவே வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வாளி, அதற்குள் மகளின் நீலச் சீருடை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அத விடு. இதத் தொட்டுப் பாரு. ஈரத்தோட போட்டுப் போயி பிள்ளைக்குக் காச்சல் வந்துருச்சு. இதையும் எழுது."

"இனிமே எழுதலக்கா. எழுதப்போய்தானே இவ்ளோ வம்பும்."

"அந்தக் கிராணி படிக்கிறாருல்ல? அப்ப எழுது லா. நாங்க வாயால சொன்னா எவன் காதுல வாங்குறான்?"

அவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இடையில் ஒரு வரியை அழகுபடுத்தப் பார்த்தேன். அதெல்லாம் வேண்டாம், நடந்ததை மட்டும் போடு என்று அதட்டினார். முடித்ததும் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"என் பேரப் போட்டியா?"

"வேணாம்க்கா. ஆபீஸுக்குக் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"கூப்பிடட்டும். அதுக்குத்தானே போடச் சொல்றேன்."