ஆயில் பம்ப், பதினான்காவது படி

எங்கள் காரின் என்ஜின் எப்படியெல்லாம் சாகும் என்று கேட்டால் பதினோரு வழிகள் சொல்வேன். பன்னிரண்டாவது வழி நான். அதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

பெயர் லின்ட்சே பெட்லர். ஹார்ஷம் என்ற சிறு ஊரில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் முப்பத்தொரு வருடமாகக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். விவசாயிகள் உடைந்த துண்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் எண்ணைப் பார்த்து அலமாரியிலிருந்து முழுசை எடுத்துக் கொடுப்பேன். உடைந்ததையே பார்த்துப் பார்த்து, உடையாமல் இருப்பதெல்லாம் தன் முறைக்காகக் காத்திருக்கிறது என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது. என் மனைவி நோலீன் இதை ஒரு நோய் என்கிறாள். நான் அனுபவம் என்கிறேன்.

அந்த என்ஜினை என் தொடையில் விரலாலேயே வரைந்து காட்டுவேன். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். நான்கு லிட்டர். மேலே இரண்டு கேம், இருபத்து நான்கு வால்வு, பக்கத்தில் ஒரு டர்போ. இருநூற்று எழுபது கிலோவாட். இரண்டாயிரம் சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையைக் கட்டி இழுத்தால் கொட்டகையே வரும். டர்போ இல்லாத இதே என்ஜின் டாக்ஸிகளில் ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடியது. ஓட்டியவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வரிகூடப் படித்ததில்லை.

நான் படித்தேன். படித்ததோடு நிற்காமல் எழுதவும் செய்தேன். இந்தக் கார் வைத்திருப்பவர்களின் இணையக் குழுவில் என்னுடைய ‘தெரிந்த கோளாறுகள்’ நாற்பத்தொரு பக்கம். டைமிங் சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் நொறுங்கும். ரேடியேட்டருக்குள் கியர்பாக்ஸ் ஆயில் கசிந்து தண்ணீரோடு கலந்து ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி வழியும். டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் வால்வு ஸ்பிரிங் தளரும். எல்லாவற்றுக்கும் மேலே ஆயில் பம்ப். அதன் பல்சக்கரம் உலோகத் தூளை அழுத்திச் செய்தது. கிராங்க் அதிர்ந்தால் பிஸ்கட் போல உடையும். பிறகு ஆயில் ஓடாது, சில நொடிகளில் என்ஜின் செத்துவிடும். அதற்கு மட்டும் ஒன்பது பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

என் கார் ஊதா நிறம். வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இருநூற்று எழுபது கிலோவாட்டில் தொண்ணூறுக்கு மேல் நான் பயன்படுத்தியிருப்பேனா என்பது சந்தேகம். சுற்று காட்டும் முள் மூவாயிரத்தைத் தொட்டாலே காலை எடுத்துவிடுவேன். எங்கள் கார் கிளப்பின் தலைவர் நெவில் நோஸ்கி, கோதுமை விவசாயி, ஒவ்வொரு சுற்றுலாவிலும் இதையே சொல்வார்.

“புரொபசர், உனக்குப் பின்னாடி வர்றதுக்கு நான் அறுவடை மெஷின்லயே வந்திருக்கலாம்டா.”

கிளப்பில் ஒரு வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மதியம் ஆற்றங்கரையில் கூடி இறைச்சி சுடுவோம். அப்போது அந்த வருடத்தின் மிக மோசமான கோளாறுக்கு ‘வளைந்த ராடு’ கொடுக்கப்படும். யாரோ ஒருவரின் என்ஜினிலிருந்து எடுத்தது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. கொக்கி மாதிரி வளைந்திருக்கும். ரெட்கம் மரக் கட்டையில் பதித்து, வாங்கியவர்கள் பெயரை வரிசையாகச் செதுக்கியிருக்கிறோம். வாங்கியவர் ஒரு வருடம் வீட்டு வரவேற்பறையில் வைத்திருக்க வேண்டும். விதி ஒன்றுதான்: கோளாறு சொந்தத் தப்பால் வந்திருக்க வேண்டும். தயாரித்தவன் தப்பு செல்லாது. எது யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்பவன் ஒன்பது வருடமாக நான்தான். தீர்ப்போடு ஒரு சிறு சொற்பொழிவும் உண்டு. இரக்கம் காட்டியதாக நினைவில்லை. நெவில் ஒருமுறை ஆயில் மூடியைப் போடாமல் ஓட்டியதற்குப் பதினைந்து நிமிடம் பேசியிருக்கிறேன்.

கட்டையில் என் பெயர் மட்டும் இல்லை. அதை நான் அடிக்கடி தடவிப் பார்ப்பதுண்டு.

நவம்பர் கடைசியில், யாருக்கும் சொல்லாமல், ஆயில் பம்பை மாற்றினேன். கடைந்தெடுத்த எஃகுப் பல்சக்கரம். கிறிஸ்துமஸ் விருந்தில் அறிவிக்கலாம் என்று திட்டம். வேலையை என்னுடைய ஒன்பது பக்கத்தையே பெஞ்சில் விரித்துவைத்துக்கொண்டு செய்தேன். பதினான்காவது படி, தடித்த எழுத்தில்: புதுப் பம்ப் வறண்டு இருக்கும், மூடுவதற்கு முன் உள்ளே வாசலின் அப்பி நிரப்பு, இல்லாவிட்டால் அது ஆயிலை உறிஞ்சாது.

பதின்மூன்றை முடித்தபோது போனில் குழுவின் மணி அடித்தது. டவுன்ஸ்வில்லிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: வாசலின் உண்மையிலேயே அவசியமா, இல்லை நீங்கள் மிகைப்படுத்துகிறீர்களா? மிகைப்படுத்தல் என்ற சொல் என்னைத் தைத்தது. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஆறு பத்தி பதில் எழுதினேன். இந்த ஒரு படியைத் தவறவிடுகிறவன் என்ஜினைத் தொடவே லாயக்கில்லாதவன் என்று முடித்தேன். திரும்பி வந்து பதினைந்தைத் தொடங்கினேன்.

என்ஜினை ஓட்டியபோது ஆயில் விளக்கு அணையவில்லை. சென்சார் கோளாறு என்று நினைத்தேன். அது என் பட்டியலில் ஏழாவது. ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து அணைந்தது. பார்த்தாயா, சென்சார்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஹால்ஸ் கேப்புக்குக் கிளப் சுற்றுலா. டாட்ஸ்வெல்ஸ் பிரிட்ஜில், சாலையோரப் பெரிய கோவாலா சிலைக்கு நேர் எதிரே, கீழே யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்டது. அப்புறம் ஒரு ராடு என்ஜினின் பக்கவாட்டில் கதவு திறப்பதுபோல் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது. எல்லாரும் வண்டியை நிறுத்தி ரோட்டில் கிடந்த ஆயிலைச் சுற்றி நின்றார்கள்.

நெவில் தொப்பியைக் கழற்றினார். “பம்ப்தானே?”

ரோட்டைப் பார்த்தேன். “இருக்கலாம்.”

“பதினோரு வருஷமாச் சொல்லிட்டு இருந்தியேடா. நாங்கதான் சிரிச்சோம்.”

என் தோளில் ஆறேழு பேர் தட்டினார்கள். இவ்வளவு மரியாதையோடு யாரும் என்னைத் தொட்டதில்லை. இருக்கலாம் என்பது பொய்யில்லை என்று மூன்று வாரம் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். குழுவில் முன்னூறு பேர் அனுதாபம் எழுதினார்கள். டவுன்ஸ்வில்காரர் மன்னிப்பே கேட்டுவிட்டார்.

விருந்து நாள் நாற்பது டிகிரி. சாஸேஜின் மேல் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தபோது பிரான்வின் பக்கத்தில் வந்து நின்றாள். கம்பளி லாரி ஓட்டுகிறவள். என்னுடையதைப் போலவே கார், வெள்ளை நிறம். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியது. வரும் ஜூலையில் அதை வடக்குக் கோடியில் டார்வின் வரைக்கும் ஓட்டிப்போகப் போகிறேன் என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“புரொபசர், காரை விலை பேசிட்டேன். செவ்வாய்க்கிழமை மில்டுராவிலேர்ந்து ஒருத்தன் வந்து எடுத்துட்டுப் போறான்.”

“ஏன்?”

“என்ன ஏன்? உன் வண்டிக்கு ஆனதப் பாத்தேன்ல. எண்பதாயிரம்கூட ஓடல, தாலாட்டிக்கிட்டே ஓட்டுவ, உனக்கே புட்டுக்கிச்சு. நான் ஏறி மிதிக்கிறவ. டானமி பாலைவனத்துல நின்னுச்சுன்னா என்னைக் கழுகுதான் தின்னும்.”

“அவசரப்படாத. பல காரணங்கள் இருக்கு.”

“சொல்லு.”

“சென்சார்... அப்புறம் பேரிங்... சூடு...”

“நாப்பத்தொரு பக்கம் எழுதின ஆளு நாலு வார்த்தைக்குத் திணறுற. விடு. அழுது முடிச்சுட்டேன்.”

அவள் சாஸேஜை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அழுவாள் என்று எனக்குத் தெரியாது. அவள் கார் ஆறு மாதத்துக்கு முன் புதுப்பித்த ரேடியேட்டரோடு, நல்ல சத்தத்தோடு, மர நிழலில் நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை. இருந்தால் என் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

நெவில் கரண்டியால் பீர் பாட்டிலைத் தட்டினார். “வளைந்த ராடு. இந்த வருஷம் ரெண்டு பேரு. ஒண்ணு, நம்ம டெஸ்மண்ட், பெட்ரோல் வண்டிக்கு டீசலை ஊத்தினது. இன்னொண்ணு புரொபசர், ஆனா அது கம்பெனி தப்பு, அதனால விதிப்படி செல்லாது. தீர்ப்பச் சொல்லு புரொபசர். கொஞ்சம் சுருக்கமா, வெயில் கொல்லுது.”

கையில் கட்டையைக் கொடுத்தார்கள். டெஸ்மண்ட் தலையைக் குனிந்து தயாராக நின்றான். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“செல்லும்,” என்றேன்.

“எது செல்லும்?”

“என்னோடது. பம்ப் புதுசு. நான்தான் மாத்தினேன். வாசலின் வைக்க மறந்துட்டேன். முதல் ஒரு நிமிஷம் ஆயிலே இல்லாம ஓடியிருக்கு.”

டெஸ்மண்ட் தலையை நிமிர்த்தினான்.

நெவில் மெதுவாகக் கேட்டார். “பதினாலாவது படியா?”

“ஆமா.”

“தடிச்ச எழுத்துல இருக்குமே, அதுவா?”

“அதுதான்.”

“அந்த நேரத்துல என்னடா பண்ணிட்டு இருந்த?”

அதையும் சொன்னேன். டவுன்ஸ்வில்லையும், ஆறு பத்தியையும், கடைசி வாக்கியத்தையும். டெஸ்மண்ட் சிரிப்புத் தாங்காமல் புல்லில் உட்கார்ந்துவிட்டான். நெவில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ராடு எனக்குத்தான் என்பவர்களைக் கைதூக்கச் சொன்னார். என்னோடு வந்திருந்த நோலீனும் தூக்கினாள். அவள் கிளப்பில் உறுப்பினரே இல்லை.

பிரான்வின் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு வந்தாள்.

“அப்ப பழைய பம்ப்?”

“பெஞ்சு மேல இருக்கு. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். கீறல்கூட இல்ல.”

“மூணு வாரமா வாயத் தொறக்கல நீ.”

“தொறக்கல.”

“என் கார வித்திருப்பேன், தெரியுமா?”

“தெரியும். அதான் தொறந்தேன்.”

“அதுக்கு முன்னாடி தொறந்திருக்கணும், கிழவா.” மில்டுராக்காரனைக் கூப்பிட போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள்.

நோலீனின் சின்னக் காரில் வீடு திரும்பினோம். ஒரு லிட்டர் என்ஜின், மூன்று சிலிண்டர். அவள் அதன் பானெட்டைத் திறந்ததே இல்லை. ராடு என் மடியில் கிடந்தது.

“இதுல ஆயில் கடைசியா எப்பப் பாத்த?” என்றேன்.

“எங்க பாக்கணும்?”

“எவ்ளோ ஓடியிருக்கு?”

“மூணே முக்கால் லட்சம். வரவேற்பறையில எங்க வைக்கப்போற அத? டிவி மேல வேணாம், விழுந்துடும்.”

பாலத்தைத் தாண்டும்போது பின்னால் அந்த ஆறு சிலிண்டர் சத்தம் கேட்டது. வெள்ளைக் கார் எங்களை முந்தியது. பிரான்வின் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கியர் மாற்றவும் இல்லை. நான் என்ஜின் சுற்றுகளைக் காதாலேயே எண்ணினேன். நாலாயிரம். நாலாயிரத்து ஐந்நூறு. ஐயாயிரத்து இருநூறு. ராடை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.